கேரம் ஆடுகிறவன் உதவாக்கரையா?

வேலைக்காகச் சென்னைக்கு வருகிற வாலிபர்களுக்கு உறவுக்காரர்கள் சொல்லும் முதல் புத்திமதி என்ன? "வடசென்னைப் பக்கம் மட்டும் போயிடாதே தம்பி!" என்பதுதான்.

அந்தப் புத்திமதியை மீறி ஒருவர் சென்ட்ரலில் மின்சார ரெயில் ஏறி, வியாசர்பாடி ஜீவா நிலையத்தில் இறங்கி, சாயங்கால நேரத்தில் தெருத் தெருவாக நடந்து பார்க்கட்டும். அவர் பயந்துகொண்டு போவது அரிவாளுக்கு. கண்ணில் படுவதோ விளையாட்டு!

ஒரு பக்கம் பையன்கள் புழுதி பறக்கக் கால்பந்து உதைக்கிறார்கள். "சின்ன பிரேசில்" என்றே அந்த வட்டாரத்துக்குப் பட்டப்பெயர் உண்டு. இன்னொரு தெருவில் ஒரு கொட்டகை. தாழத் தொங்கும் பல்பின் கீழே நாலு பேர் கேரம் பலகையைச் சுற்றி உட்கார்ந்திருக்கிறார்கள். சுற்றி நிற்கிற கூட்டம் மூச்சுக்கூட விடுவதில்லை.

கேரம்தானே, இதில் என்ன புதுமை என்று கேட்கலாம். கோடை லீவில் வீட்டுத் திண்ணையில் முகப்பவுடரைக் கொட்டி ஆடுகிற ஆட்டம் வேறு. இது வேறு.

சிவப்பு போட்டால் போதாது!

வீட்டு ஆட்டத்தில் சிவப்புக் காயைக் குழியில் தள்ளியதுமே குதிப்பார்கள். இங்கே அந்தக் கையோடு தன் காய் ஒன்றையும் போட்டாக வேண்டும். தவறினால் சிவப்பு மறுபடி பலகைக்கு வந்துவிடும். முதலில் 25 பாயிண்ட் எடுப்பவருக்கு கேம். 22 பாயிண்டை எட்டியவர் சிவப்பைப் போட்டாலும், அதற்குரிய 3 பாயிண்ட் கிடைக்காது. ஸ்ட்ரைக்கரின் எடைகூட 15 கிராமைத் தாண்டக்கூடாது.

புதிதாகப் பார்க்கிற வெளியூர்க்காரருக்குத் தலை சுற்றும். ஆனால் யாரும் விரட்ட மாட்டார்கள். "இன்னாபா, ஊருக்குப் புதுசா? அப்டி ஓரமா குந்திப் பாரு" என்று இடம் விடுவார்கள். கேள்விப்பட்டுவந்த பயம் அங்கேயே பாதி போய்விடும்.

உலகச் சாம்பியன்கள்

இந்த ஆட்டத்தை வெட்டிப் பொழுதுபோக்கு என்று சொல்கிறவர்கள் கணக்கைப் பார்க்கட்டும். சர்வதேச கேரம் சம்மேளனம் 1988-ல் அமைக்கப்பட்டதே சென்னையில்தான். 1991-லும் 1995-லும் உலகச் சாம்பியன் பட்டம் வென்று, அர்ஜுனா விருதும் வாங்கிய மரிய இருதயம் சென்னைக்காரர். 2008-ல் பிரான்சில் உலகச் சாம்பியன் ஆன இளவழகி, வியாசர்பாடிப் பெண். 2024-ல் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பையில் 3 தங்கப்பதக்கம் வென்ற காசிமா, வடசென்னை ஆட்டோ டிரைவரின் மகள்.

காசிமாவுக்குத் தமிழக அரசு 1 கோடி ரூபாய் பரிசு கொடுத்தது. பாராட்ட வேண்டிய காரியம். ஆனால் ஜெயித்த பிறகு கொடுப்பது ஒரு கோடி. ஜெயிப்பதற்கு முன்னால் என்ன கொடுக்கிறோம்?

ஒரு ரூம் போதும்!

கிளப்புக்கு வாடகை கட்ட முடியாத பையன்கள் பலகையைத் தெருவுக்குக் கொண்டு வருகிறார்கள். மழை பெய்தால் ஆட்டம் நின்றுபோகும். ரோந்து வந்தால் கூட்டம் கலைக்கப்படும். பெண் பிள்ளைகள் நிலைமை இன்னும் மோசம். தெருவில் நின்று ஆட எந்த வீட்டில் விடுவார்கள்?

காசு வைத்து ஆடுகிறவர்களும் இருக்கலாம். அவர்களைப் போலீஸ் பிடிக்கட்டும். அதற்காக ஆடுகிற எல்லாரையும் சூதாடி என்பது, சந்தையில் ஒரு கடைக்காரர் எடையில் ஏமாற்றினால் எல்லாக் கடையையும் பூட்டு என்பது போலத்தான்.

மாநகராட்சி பெரிய ஸ்டேடியம் கட்ட வேண்டியதில்லை. சமுதாயக் கூடங்களில் ஒரு ரூம், நாலு பலகை, நல்ல விளக்கு, ராத்திரி 9 மணி வரை திறந்து வைக்க ஒரு ஆள். இதற்கு எத்தனை லட்சம் ஆகிவிடப் போகிறது?

வீட்டுப் பெரியவர்களும் ஒன்று செய்யலாம். "கேரம் ஆடப் போறியா, உருப்படமாட்டே" என்று திட்டுவதற்கு முன்னால் ஒரு தடவை போய், பையன் ஆடுவதைப் பக்கத்தில் நின்று பாருங்கள். குறி தப்பாத அந்த விரலைப் பார்த்தால் திட்ட மனசு வராது!