வட சென்னையில் அன்னியன் யார்?

இராயபுரம் தொடங்கித் திருவொற்றியூர், எண்ணூர் வரையில் ஒரு பேச்சு அடிபடுகிறது. பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் ஆட்கள் வந்து குவிந்து விட்டார்கள், இவர்கள் அன்னியர்கள், ஊர்க்காரன் பிழைப்பைக் கெடுக்கிறார்கள் என்பதே அப்பேச்சு. இப்படிச் சொல்லுகிறவர்களில் நம் தோழர்கள் சிலரும் இருப்பதால் நாம் இதைப் பற்றி எழுத வேண்டியதாகிறது.

ஊரின் பெயரையே எடுத்துக் கொள்ளுவோம். இராயப்பர் என்பது பேதுரு என்ற யூதச் செம்படவருக்குத் தமிழ்க் கிறிஸ்தவர்கள் வழங்கிய பெயர். அதிலிருந்தே இராயபுரம் வந்ததாகச் சொல்லப்படுகிறது. கலிலேயாக் கடலில் வலை வீசியவர் பெயரை ஊருக்கு வைத்துக் கொண்டு, கங்கைக் கரையிலிருந்து வந்தவனை அன்னியன் என்பது என்ன நியாயம்?

சற்றுத் தெற்கே அர்மீனியன் தெருவில் 1772இல் கட்டிய அர்மீனியர் கோவில் இன்றும் நிற்கிறது. உலகத்தின் முதல் அர்மீனியப் பத்திரிகை 1794இல் வெளியானது நம் சென்னையில்தான். நடத்தியவர் ஷ்மாவோனியன் என்ற பாதிரியார். (பாதிரியாரும் அச்சுக்கூடம் வைத்தால் ஊருக்கு உபயோகப்படுகிறார்!) 1856இல் தென்னிந்தியாவின் முதல் ரயில் இராயபுரத்திலிருந்து புறப்பட்டது, ரயில்வே வேலையால் ஆங்கிலோ இந்தியர்கள் இங்கே பெருகினார்கள். பார்சிகள் 1910இல் இராயபுரத்தில் தங்கள் நெருப்புக் கோவிலைக் கட்டினார்கள். 1918இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் ஏற்பட்டபோது அதன் தலைவராயிருந்த வாடியா யார்? பம்பாயில் பிறந்த பார்சி. மில் தொழிலாளி அவரை அன்னியன் என்று தள்ளினானா?

பின் இந்த ஊரைப் பிளந்தது எது? 1707இல் வலங்கை, இடங்கை என்று கல்யாண ஊர்வலத்துக்காக அடித்துக் கொண்டார்கள். எந்தக் கட்சிக்கு எந்தத் தெரு என்று கவர்னர் பிட் பிரித்து வைக்க வேண்டி வந்தது. கடல் கடந்து வந்த வெள்ளைக்காரன், உள்ளூர்க்காரனுக்கு உள்ளூர்த் தெருவைப் பங்கு போட்டான்! 1921இல் பக்கிங்காம், கர்நாடிக் மில் வேலைநிறுத்தத்தின் போது என்ன நடந்தது? வேலைக்குப் போன ஆதிதிராவிடத் தோழர்களைத் துரோகிகள் என்றார்கள். அதற்கு முன்னால் அவர்களை எந்தத் தெருவில், எந்தக் கிணற்றடியில் வைத்திருந்தோம் என்று எண்ணிப் பார்த்தவர்கள் சிலரே. புளியந்தோப்பில் வீடுகள் எரிந்தன, போலீஸ் சுட்டது, வேலைநிறுத்தமும் தோற்றது. இதில் பீகாரி எங்கே வந்தான்?

கரை போன கதையும் இப்படியே. துறைமுகச் சுவர் கட்டியதால் வடக்கே போகிற மணல் தடைப்பட்டது. மெரினா அகன்றது, இராயபுரத்திலும் திருவொற்றியூரிலும் மீனவர் குடிசைகள் கடலில் போயின. இதற்குக் கடலம்மாள் கோபம் என்று பொங்கல் வைக்கிறவர்களுக்கும், கூலி குறைந்ததற்கு ஒடிசாக்காரனை வைகிறவர்களுக்கும் நாம் ஒரு வித்தியாசமும் காணவில்லை. அவன் குறைந்த கூலிக்கு வருகிறான் என்கிறார்கள். கூலியைக் குறைத்தவன் அவனா, கண்டிராக்டரா?

ஆகவே சங்கக்காரத் தோழர்களைக் கேட்கிறோம்: அந்த ஆட்களில் எத்தனை பேரைச் சங்கத்தில் சேர்த்தீர்கள்? சட்டப்படி வர வேண்டிய கூலி இன்னது என்று அவர்கள் பாஷையில் ஒரு துண்டுப் பிரசுரமாவது போட்டீர்களா? ஹிந்தியைக் கட்டாயமாகத் திணிப்பதை எதிர்க்கிற நாமே இதைச் சொல்லுகிறோம். பள்ளிப் பிள்ளையின் தலையில் ஒரு பாஷையை ஏற்றுவது வேறு. ஏமாற்றப்படுகிற கூலிக்காரனுக்கு அவன் அறிந்த பாஷையில் கணக்குச் சொல்லுவது வேறு.