கோடு தாங்குமா, தோழா?



நம் விடுதியில் இன்று பாடப் புத்தகத்தைவிட அதிகம் பார்க்கப்படுவது செல்போனில் தெரியும் பங்குச்சந்தை சார்ட்தான். "மச்சான், இது ஸ்ட்ராங் சப்போர்ட்டு, இதுக்குக் கீழே போகாது" என்பான் ஒருவன். "மேலே ரெசிஸ்டன்ஸ் இருக்கு, அங்கே வித்துடு" என்பான் இன்னொருவன். சரி, அந்தக் கோடு எதனால் ஆனது என்று என்றாவது கேட்டோமா?

மனித மனசால் ஆனது என்பேன் நான். ஒரு பங்கை 100 ரூபாய்க்கு வாங்கி லாபம் பார்த்தவர், மறுபடி 100 வந்தால் வாங்கக் காத்திருப்பார். அப்போது தவறவிட்டவரும் காத்திருப்பார். இது சப்போர்ட். 150-ல் வாங்கி மாட்டிக்கொண்டவரோ, "வாங்கின விலை வந்தா போதும்டா சாமி, வித்துட்டுப் போயிடறேன்" என்று நிற்பார். அது ரெசிஸ்டன்ஸ். இதனால்தான், உடைந்த சப்போர்ட்டே பல நேரம் ரெசிஸ்டன்ஸாக மாறுகிறது.

ஆகவே இது சுத்தப் பொய் என்று சொல்ல மாட்டேன். 2018 மார்ச்சிலும் அக்டோபரிலும் நிஃப்டி 10,000-ஐ ஒட்டி இறங்கி, இரண்டு முறையும் எழுந்தது. பாறை மாதிரி தெரிந்தது! ஆனால் கொரோனா பயத்தில், 2020 மார்ச் 12 அன்று அதை உடைத்துக்கொண்டு 9,590-ல் முடிந்தது. மார்ச் 23-ல் 7,610! காத்திருந்தவர்களின் மனசு ஒரே நேரத்தில் மாறினால் கோடு என்ன செய்யும்?

லேபில் நாம் கான்கிரீட் கட்டியை 28 நாள் தண்ணீரில் போட்டு, உடைத்துப் பார்த்த பிறகுதான் அதன் பலத்தை எழுதுகிறோம். சார்ட்டில் கோடு போடுகிறவனிடம் இருக்கும் ஒரே சான்று, நேற்று தாங்கியது என்பதுதான்.

2024 செப்டம்பரில் செபி ஓர் ஆய்வை வெளியிட்டது. 2021-22 முதல் 2023-24 வரை ஃப்யூச்சர்ஸ், ஆப்ஷன்ஸில் இறங்கிய ஒரு கோடிக்கும் மேற்பட்ட தனிநபர்களில் 100-க்கு 93 பேருக்கு நஷ்டம். நஷ்டப்பட்டவர்கள் சராசரியாக இழந்தது சுமார் 2 லட்சம் ரூபாய்!

எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவன் நான். என் செமஸ்டர் பீசுக்காக அம்மாவின் தோடு அடகுக் கடையில் இருக்கிறது. உங்களில் பலர் வீட்டுக் கதையும் இதுதான். வசதியான வீட்டுப் பையன் பத்தாயிரம் இழந்தால் அவன் அப்பா தாங்குவார். நமக்குக் கீழே என்ன இருக்கிறது? வட்டிக்கடைதானே!

கற்றுக்கொள்ளுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. நோட்டில் கோடு போட்டு, எத்தனை தாங்கின, எத்தனை உடைந்தன என்று ஆறு மாதம் குறித்துப் பாருங்கள். பீஸ் பணத்தையும் கடன் பணத்தையும் மட்டும் அந்தக் கோட்டின் மேல் ஏற்றாதீர்கள். நம் வீட்டுக்கு இருக்கிற ஒரே சப்போர்ட் நாம்தான். நாம் உடையலாமா, தோழா?

- சிவில், இரண்டாம் ஆண்டு மாணவன்