தராசுக்குள் புகுந்த மூளை!

மணலூர்பேட்டையில் கம்ப்யூட்டர் எங்கே இருக்கிறது என்று கேட்டால், பள்ளிக்கூடத்தையும் பாங்கியையும் காட்டுவார்கள். ரேஷன் கடைத் தராசை யாரும் காட்டமாட்டார்கள். ஆனால், அதற்குள்ளும் ஒரு கம்ப்யூட்டர் இருக்கிறது!

"மின்சார மூளை" என்று ஒரு காலத்தில் இதற்குப் பெயர். 1955-ம் ஆண்டு கல்கத்தாவில் உள்ள இந்தியப் புள்ளியியல் நிலையத்துக்கு ஒன்று வந்தது. இந்தியாவின் முதல் டிஜிட்டல் கம்ப்யூட்டர் அதுதான். அதற்கென்று தனி அறை வேண்டியிருந்தது. இன்று தராசு, மின்சார மீட்டர், கைக்கடிகாரம் எல்லாவற்றிலும் அது குடியேறிவிட்டது.

அமெரிக்க விஞ்ஞானி மார்க் வைசர் 1991-ம் ஆண்டிலேயே இதைச் சொல்லிவிட்டார். கம்ப்யூட்டர் நம் கண்ணுக்குத் தெரியாமல் சாதாரணப் பொருள்களோடு கலந்துவிடும் என்பது அவருடைய கருத்து. அது பலித்துவிட்டது.

விரல்தான் சாட்சி

தமிழ்நாட்டில் ரேஷனுக்கு "ஸ்மார்ட் கார்டு" வந்தது 2017-ல். கைரேகை வைத்துப் பொருள் வாங்கும் முறை வந்தது 2020 அக்டோபரில். இதனால் நன்மை உண்டு. ஒருவர் கார்டில் இன்னொருவர் அரிசி வாங்குவது கடினமாயிற்று. என்ன வாங்கினோம் என்ற கணக்கும் செல்போனுக்கு வந்துவிடுகிறது.

ஆனால், களை பறித்தும் கல் சுமந்தும் தேய்ந்த விரல் என்ன செய்யும்? முதுமையில் ரேகை மங்கினால் என்ன செய்வது? எந்திரம் "பொருந்தவில்லை" என்கிறது. நாற்பது ஆண்டுகளாக அந்தப் பாட்டியை அறிந்த ஊர், பக்கத்திலேயே நிற்கிறது. ஊரின் சாட்சி எடுபடவில்லை!

அந்தக் காலத்துத் தராசில் திருட்டு இருந்தது உண்மை. தட்டின் அடியில் புளியை ஒட்டி எடையைக் குறைத்தவர்கள் உண்டு. ஆனால், தட்டைத் திருப்பிப் பார்த்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். கடைக்காரரோடு வாதாடலாம். எந்திரத்தை எப்படித் திருப்பிப் பார்ப்பது? யாரோடு வாதாடுவது? "நான் என்னம்மா செய்வேன், மெஷின் எடுக்கவில்லை" என்று கடைக்காரரும் கையை விரித்துவிடுகிறார். கம்ப்யூட்டர் பொருளுக்குள் மறையட்டும். பொறுப்பும் அதோடு சேர்ந்து மறையலாமா?

சட்டம் மறுக்கவில்லை

கைரேகை பொருந்தவில்லை என்பதற்காகத் தகுதி உள்ளவருக்கு ரேஷனை மறுக்கக்கூடாது என்று ஆதார் ஆணையமே 2017 அக்டோபரில் சுற்றறிக்கை அனுப்பியது. கருவிழியைப் பார்த்து அடையாளம் காணும் முறையும் பிறகு வந்தது. 2025 ஆகஸ்டில் "தாயுமானவர்" திட்டத்தின்கீழ், முதியோருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் வீடு தேடிப் பொருள் கொண்டு போவது தொடங்கியது. ஆக, வழி இருக்கிறது. அந்த வழி வரிசையில் நிற்பவருக்குத் தெரியவேண்டும்.

அதற்குப் பெரிய செலவு ஒன்றும் இல்லை. விரல் பொருந்தாவிட்டால் அடுத்து என்ன செய்வது என்பதைக் கடைச் சுவரில் பெரிய எழுத்தில் எழுதி வைக்கலாம். ஒரு நோட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டு அன்றைக்கே அரிசியைக் கொடுக்கலாம். மறுத்தால் யாரிடம் முறையிடுவது என்று அதிகாரியின் பதவியையும் தொலைபேசி எண்ணையும் போடலாம். கல்வராயன் மலையில் சிக்னல் எட்டாத ஊருக்கும் இதே ஏற்பாடு கை கொடுக்கும்.

எந்திரம் எடை போடட்டும், கணக்கு எழுதட்டும். அரிசி இல்லை என்று சொல்லும் அதிகாரம் மட்டும் அதற்கு வேண்டாம். அதைச் சொல்பவர், காரணம் கேட்டால் பதில் சொல்லக்கூடிய மனிதராக இருக்கவேண்டும்.