ஈற்றுக்கு முன் ஈரும் பேனும்

இராஜஸ்தானில் செம்மறி வளர்க்கும் ரைக்கா மேய்ப்பருக்குப் பேன் சிறு தொல்லையன்று. அது கம்பளியைக் கெடுக்கும், குட்டிகளை நலிவிக்கும். ஆட்டின் உடலிலேயே வாழ்நாளைக் கழிக்கும் பேன், பிறந்த குட்டியிடம் தாயிடமிருந்தே முதலில் தொற்றுகிறது. ஆகவே ஈற்றுக்கு முன்பே மந்தை முழுவதற்கும் மருந்திட வேண்டும். பல மருந்துகள் பேனைக் கொல்லும், ஈரைக் கொல்லா. ஏறத்தாழ இரு வாரங்களில் மறுமுறையும் இட வேண்டும். நிறைசினை ஆட்டைத் தொட்டியில் முக்கி அலைக்கழித்தால் கரு சிதையலாம். எனவே இரு முறையையும் அதற்குமுன் முடிப்பதே நன்று.

இந்த நுணுக்கங்கள் மருந்துக் குப்பியின் ஆங்கிலப் பொடியெழுத்தில் அடங்கிவிட்டால் மேய்ப்பருக்குப் பயனில்லை. அவிகாநகரில் 1962 முதல் மத்திய செம்மறி, கம்பளி ஆராய்ச்சி நிறுவனம் இயங்குகிறது. அறிவை மேய்ப்பரின் மொழியில், உரிய பருவத்தில் சேர்ப்பதும் ஆராய்ச்சியே.