தாராலயா போவோம், கன்னடக் காட்சிக்கே போவோம்

ஊரிலிருந்து உறவினர் வந்தால் நம்மவர்கள் எங்கே அழைத்துப் போகிறார்கள்? லால்பாக், கப்பன் பார்க், விதான சவுதா எதிரில் ஒரு போட்டோ. அதோடு சரி. சவுடையா சாலையில் 1989-ல் மாநகராட்சி அமைத்த நேரு கோளரங்கம் இருக்கிறது. கன்னடத்தில் "தாராலயா" என்பார்கள். ஒக்கலிபுரத்திலேயே பிறந்து பேரன் எடுத்தவர்களில்கூட அங்கே எட்டிப் பார்க்காதவர்கள் உண்டு. சென்ற மாதம் வரை நானும் அந்தக் கணக்கில்தான் இருந்தேன்.

கேட்டால், "கன்னடத்திலும் இங்கிலீஷிலும்தானே சொல்கிறார்கள், நமக்கு என்ன புரியும்?" என்கிறார்கள். சென்னை கோட்டூர்புரம் பிர்லா கோளரங்கத்தில் தமிழ்க் காட்சி உண்டு. அதுபோல் இங்கும் கேட்டு மனு எழுதித் தரும்படி இரண்டு பேர் என்னிடம் வந்தார்கள். நான் எழுதவில்லை. 1991 காவிரிக் கலவரத்தைப் பார்த்த பெரியவர்கள், "வம்பு எதற்கு" என்பார்கள். என் காரணம் அது அல்ல.

ஏழாம் வகுப்பு படிக்கும் மகளுடன் கன்னடக் காட்சிக்குப் போனேன். விளக்குகள் மெள்ள மெள்ள மங்கின. கவிழ்த்த கிண்ணம் போன்ற கூரை முழுவதும் நட்சத்திரங்கள்! எங்கள் தெரு வெளிச்சத்தில் பத்து நட்சத்திரம் எண்ண முடியாது. சிறு வயதில் ஆம்பூர் பக்கம் பாட்டி வீட்டு வாசலில் கயிற்றுக் கட்டிலில் படுத்துப் பார்த்த வானம் அது.

என் கன்னடம் டிக்கெட் கவுண்டர் அளவுதான். ஆனால் ரோகிணி, சப்தரிஷி மண்டலம், துருவ நட்சத்திரம் எல்லாம் இரண்டு மொழியிலும் ஒன்றுதானே? மற்றதை மகள் காதோடு காதாகத் தமிழில் சொன்னாள். நம் ஊர் அட்சரேகை 13 பாகை. அதனால் துருவ நட்சத்திரமும் வடக்கு அடிவானத்திலிருந்து 13 பாகை உயரத்தில் நிற்கிறதாம். டெல்லி போனால் 28 பாகைக்கு மேல் ஏறிவிடுமாம். தினமும் டெல்லிக்கு டிக்கெட் கொடுக்கிற எனக்கு இது தெரியாது.

கொஞ்சம் வெட்கமாகத்தான் இருந்தது. பிள்ளை முன்னால் தெரியாதவனாக உட்காருவதா என்பதுதான் நம்மில் பலருடைய உண்மையான தயக்கம். மொழி வெறும் சாக்கு என்பது என் அபிப்பிராயம். அவள் சொல்லச் சொல்ல நான் "ஊம்" கொட்டியதில் அவளுக்கு எத்தனை சந்தோஷம்! தமிழ்க் காட்சி இருந்திருந்தால் அவளும் என்னோடு சும்மா உட்கார்ந்திருப்பாள்.

திங்கட்கிழமை விடுமுறை. என்னைப்போல் அன்று வார ஓய்வு உள்ளவர்கள் ஆள் மாற்றிக்கொண்டுதான் போக வேண்டும். பின்வரிசையில் உட்காருங்கள், கழுத்து வலிக்காது.