‘லேப் அலெக்ஸாண்ட்ரைட்’ 600 ரூபாய்க்கா? நிறம் மாறும் கல் வாங்குறதுக்கு முன்னாடி இதைப் படிங்க

பகலில் பச்சை, ராத்திரி விளக்கு வெளிச்சத்தில் சிவப்பு. ஆன்லைனில் மோதிரம் தேடுபவர்கள் கண்ணில் ‘லேப் கிரியேட்டட் அலெக்ஸாண்ட்ரைட்’ என்ற இந்தக் கல் அடிக்கடி படும். ஒரு இடத்தில் விலை சில நூறு ரூபாய். இன்னொரு இடத்தில் அதே பெயர், ஆனால் காரட்டுக்கே பல ஆயிரம். ஏன் இவ்வளவு வித்தியாசம்?

‘லேப்’ என்ற வார்த்தையைப் பார்த்துத்தான் பலரும் சந்தேகப்படுகிறார்கள். ஆனால் சந்தேகப்பட வேண்டியது ‘அலெக்ஸாண்ட்ரைட்’ என்ற வார்த்தையை.

நிறம் எப்படி மாறுது?

1830-களில் ரஷ்யாவின் யூரல் மலைப் பகுதியில் கண்டெடுக்கப்பட்ட கல் இது. பின்னாளில் பேரரசரான இரண்டாம் அலெக்ஸாண்டரின் பெயரை வைத்தார்கள். கனிமத்தின் பெயர் கிரைசோபெரில். நம்ம ஊரில் வைடூரியம் என்று சொல்லும் பூனைக்கண் கல்லும் இதே கனிமம்தான்.

அலெக்ஸாண்ட்ரைட்டில் துளி குரோமியம் கலந்திருக்கும். அது மஞ்சள் ஒளியை உறிஞ்சிக்கொண்டு, பச்சையையும் சிவப்பையும் கிட்டத்தட்ட சமமாக விட்டுவிடும். பகல் வெளிச்சத்தில் நீலமும் பச்சையும் அதிகம் என்பதால் கல் பச்சையாகத் தெரியும். குண்டு பல்பு, அகல் விளக்கு வெளிச்சத்தில் சிவப்பு அதிகம், அதனால் கல் சிவக்கும். நிறமாற்றம் நன்றாக உள்ள இயற்கைக் கல் காரட்டுக்கு லட்சக்கணக்கில் போகும். இலங்கை, பிரேசில், இந்தியாவிலும் கிடைக்கிறது, ஆனால் அபூர்வம்.

அப்போ லேப் கல் போலியா?

இல்லை. உண்மையான ஆய்வக அலெக்ஸாண்ட்ரைட்டும் கிரைசோபெரில்தான். சுரங்கக் கல்லில் உள்ள அதே பொருட்கள், அதே படிக அமைப்பு. 1970-களிலிருந்தே விற்பனையில் இருக்கிறது. ஆனால் அதைச் செய்வது லேசுப்பட்ட வேலை இல்லை. ஒரு முறையில் மூலப்பொருளை 1,800 டிகிரி செல்சியஸுக்கு மேல் உருக்க வேண்டும். அந்தச் சூட்டைத் தாங்க இரிடியம் உலோகப் பாத்திரம் வேண்டும். இதை 600 ரூபாய்க்கு எப்படித் தர முடியும்?

அந்த விலைக்கு வருவது பெரும்பாலும் வனேடியம் சேர்த்த செயற்கைக் குருந்தம். மாணிக்கம், நீலக்கல் வகையறா. தூளைத் தீப்பிழம்பு வழியாக விழவைத்து வளர்க்கும் இந்த முறையை பிரான்ஸின் வெர்னுய் 1902-ல் வெளியிட்டார். வேகமாக வளரும், செலவும் குறைவு. இதுவும் நிறம் மாறும்! ஆனால் பச்சையிலிருந்து சிவப்புக்கு இல்லை. சாம்பல் கலந்த நீலத்திலிருந்து ஊதா அல்லது இளஞ்சிவப்புக்கு. சில நேரம் நிறம் மாறும் வெறும் கண்ணாடியும் இதே பெயரில் வரும்.

ஆக, ‘லேபில் செய்தது’ என்பது உண்மை. ‘அலெக்ஸாண்ட்ரைட்’ என்பதுதான் பொய். அமெரிக்காவில் வணிக ஆணையத்தின் வழிகாட்டுதல் இதைத் தெளிவாகச் சொல்கிறது: இயற்கைக் கல்லின் அதே பண்புகள் இருந்தால்தான் அந்தப் பெயரோடு ‘லேப் கிரியேட்டட்’ என்று போடலாம். நமக்கும் இது புதுசு இல்லை. திருச்சி வட்டாரத்தில் செயற்கைக் கல்லைப் பட்டை தீட்டிப் பிழைத்த குடும்பங்கள் நிறைய. செயற்கை என்று சொல்லி விற்றால் அது நேர்மையான வியாபாரம்தான்.

எப்படிக் கண்டுபிடிப்பது?

நிறம் மாறுவதை மட்டும் பார்த்து நம்பாதீங்க, போலியும் மாறும். என்ன நிறத்திலிருந்து என்ன நிறத்துக்கு என்று பாருங்க. ஜன்னலோரம் பகல் வெளிச்சத்தில் ஒரு முறை, அகல் விளக்கு அருகே ஒரு முறை. வீட்டு எல்இடி பல்பில் பார்த்து முடிவு செய்ய வேண்டாம். பல எல்இடிகளில் நல்ல கல்கூட சரியாக மாறாது. விளம்பர வீடியோவை நம்புவது அதைவிட மோசம், நிறத்தை எடிட்டிங்கிலேயே மாத்திடலாம்.

விற்பவரிடம் ஒரே கேள்வி கேளுங்க: “இது கிரைசோபெரிலா, குருந்தமா?” பதில் மழுப்பலாக இருந்தால் விட்டுடுங்க. ரத்தினப் பரிசோதனைக் கூடத்தில் ஒளிவிலகல் எண்ணைப் பார்த்தே சொல்லிவிடுவார்கள். கிரைசோபெரிலுக்கு சுமார் 1.75, குருந்தத்துக்கு 1.76-க்கு மேல். ஆயிரக்கணக்கில் செலவழிப்பதாக இருந்தால் ஜிஐஏ, ஐஜிஐ போன்ற கூடங்களின் சான்றிதழ் கேட்கலாம். 600 ரூபாய்க் கல்லுக்கு அது வேண்டாம், கல்லைவிடச் சான்றிதழ் செலவு அதிகமாகிவிடும். அழகுக்குப் போடுகிற ஃபேன்ஸி கல் என்று தெரிந்தே வாங்கினால் தப்பில்லை.

முதலீடு என்று மட்டும் யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். ஆய்வகக் கல்லுக்கு மறுவிற்பனை மதிப்பு மிகக் குறைவு. நகையை அடகு வைக்கப் போனாலும் கல் எடையைக் கழித்துவிட்டுத்தான் தங்கத்துக்குக் கடன் தருவார்கள்.

பில்லில் வெறும் ‘அலெக்ஸாண்ட்ரைட்’ என்று இருந்தால் வாங்காதீங்க. ‘ஆய்வகத்தில் உருவாக்கிய கிரைசோபெரில்’ என்று எழுதித் தரச் சொல்லுங்க. வந்த கல் வேறு என்றால் அந்த பில்லோடு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் கொடுக்கலாம்.