கொள்ளிடத்தின் அளவும் மருதையாற்றின் இரவும்

கொள்ளிடம் என்னும் பெயரிலேயே அவ்வாற்றின் வேலை அடங்கியிருக்கின்றது. காவிரி தாங்கமாட்டாத வெள்ளத்தைக் கொள்ளும் இடம் அது. ஆங்கிலவன் அதனைக் ‘கோலரூன்’ என்று சிதைத்தெழுதினான். பொருள் போயிற்று, வெற்றொலி நின்றது. பெயர் சிதைந்ததைப் பொறுத்துக்கொண்ட தமிழன், அவ்வாற்றின் வெள்ள அளவையும் தனக்கு விளங்காத மொழியிலேயே இன்றளவும் கேட்டுக்கொண்டிருக்கின்றான்.

வறட்சியில் வாய்மூடிக் கிடக்கும் கருநாடக அணைகள், நிரம்பி வழியுங்கால் மட்டும் தமிழ்நாட்டை நினைத்துக்கொள்ளும். மேட்டூரின் 120 அடியும் நிறைந்தபின் வரும் நீர், முக்கொம்பு மேலணையில் பிரிந்து, பெரும்பகுதி கொள்ளிடத்தில் இறங்கும். உடனே, நொடிக்கு இத்தனை கன அடி திறக்கப்பட்டதென ஓர் அறிவிப்பு வரும். சில செய்தித்தாள்கள் அதனையும் விட்டுக் ‘கியூசெக்’ என்று எழுதித் தம் புலமையைக் காட்டிக்கொள்ளும். திருமழபாடியிலும் திருமானூரிலும் தூத்தூரிலும் வடகரையில் வாழும் உழவனுக்கு நொடிக்கு 2,00,000 கன அடி என்பது என்ன? அவன் வயலில் முழங்காலளவா, கழுத்தளவா? மாட்டை அவிழ்க்கும் பொழுதா, பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடும் பொழுதா? அறிவித்தவர்க்குக் கடமை முடிந்தது; கேட்டவனுக்கோ எதுவும் விளங்கவில்லை.

கன அடி என்பது ஓடும் நீரின் பருமன். கரையில் ஏறும் உயரம் அன்று. ஒரே அளவு நீர், அகன்ற இடத்தில் தாழ்ந்தும் குறுகிய இடத்தில் உயர்ந்தும் செல்லும். ஆற்றின் அடியில் மணலை அள்ளிப் பள்ளமாக்கினால் ஓரளவாகவும், படுகையில் சீமைக்கருவேல் மண்டினால் வேறளவாகவும் உயரும். ஆகவே ஓராண்டில் எடுத்த கணக்கு மறு ஆண்டிற்குப் பொருந்தாது. திருமானூர்ப் பகுதியில் மணல் அள்ளுவதை எதிர்த்து மக்கள் போராடியதுண்டு. அவர்கள் குடிநீருக்காகப் போராடினர். அதே மணலில் வெள்ளக் கணக்கும் புதைந்து கிடக்கின்றது. 2018 ஆகத்துத் திங்கள் 22-ஆம் நாளிரவு, 1836-இல் எழுந்த மேலணையின் கொள்ளிடப் பகுதியில் ஒன்பது மதகுகள் அடித்துச் செல்லப்பட்டன. அளவைக் காக்கும் அணையே உடைந்த அவ்விரவில், மேட்டூரிலிருந்து வந்த எண் எவருக்கு உதவியிருக்கும்?

எனினும் கொள்ளிடம் ஓரளவு நேர்மையான ஆறு. மேட்டூரில் திறந்த நீர் அரியலூர்க் கரையை அடைய ஒரு நாளுக்கு மேலாகும். சொல்லிவிட்டு வரும் வெள்ளம் அது. சொல்லாமல் வருவது மருதையாறு. பச்சைமலையில் தோன்றிப் பெரம்பலூர் மண்ணைக் கடந்து அரியலூர் வழியே கொள்ளிடத்தில் கலக்கும் இச்சிற்றாறு, ஆண்டில் பெரும்பகுதி வெறும் மணற்கோடு. மலையில் ஓரிரவு கொட்டித் தீர்த்தால், விடிவதற்குள் கரைபுரளும். கொட்டரையில் அதன் குறுக்கே நீர்த்தேக்கம் எழுப்பப்பட்டதேனும், மேட்டூர் போல் நாட்கணக்கில் முன்னறிவு தரும் அளவிற்று அன்று.

1956 நவம்பர்த் திங்கள் 23-ஆம் நாள் விடியற்காலை நிகழ்ந்தது அதுவே. பெருமழையால் பெருகிய மருதையாறு அரியலூரை அடுத்த பாலத்தை அரித்திருந்தது. சென்னையிலிருந்து தூத்துக்குடிக்குச் சென்ற விரைவு வண்டி, உறக்கத்திலிருந்த மக்களோடு வெள்ளத்துள் வீழ்ந்தது. மாண்டோர் 140-க்கும் மேற்பட்டோர். தொடர்வண்டித்துறை அமைச்சராயிருந்த இலால்பகதூர் சாத்திரி பொறுப்பேற்று விலகினார். அதனை நாடு இன்றும் புகழ்கின்றது. துணையமைச்சராயிருந்த அழகேசனை எதிர்த்து 1957 தேர்தல் மேடைகளில் அரியலூர் முழக்கமாயிற்று. விலகல் பாடநூலில் ஏறிற்று, முழக்கம் வாக்குகளாயிற்று. அவ்விரவில் ஆறு எவ்வளவு உயர்ந்தது என்று பார்த்துச் சொல்ல ஒருவன் இருந்திருந்தால் என்னும் கேள்வி மட்டும் ஊர்க்காரர் வாயோடு நின்றுவிட்டது. அரியலூர் தனி மாவட்டமாய் 2007-இல் மீண்டும் உருவானதும் ஒரு நவம்பர் 23-இல்தான். அந்நாளை விழாவாகக் கொண்டாடுவோர் ஆற்றையும் ஒரு நொடி நினைக்கலாம்.

அந்நிலத்து மக்களுக்கு நீரளக்கத் தெரியாதா? கொள்ளிடத்து நீரைக் கொணர்ந்து சோழகங்கம் என்னும் பேரேரியை இராசேந்திரன் அமைத்தது இவ்வரியலூர் மண்ணிலேதான். ஏரியைக் காக்க ஆண்டுதோறும் குடவோலை வழியே ஏரி வாரியம் தேர்ந்த செய்தியை உத்தரமேரூர்க் கல்வெட்டுகள் கூறும். பொருநையாற்றில் நிற்கும் சங்குக்கல் மண்டபம், வெள்ளம் ஏறும்போது சங்குபோல் ஒலித்து ஊரை எழுப்பியது என்பது அப்பகுதி வழக்கு. எண்ணைக் கேட்டு எவனும் எழுந்து ஓடான். ஒலியைக் கேட்டு ஓடுவான்.

கீழணைக்குக் கீழே சிக்கல் இன்னும் பெரிது. பழையாற்றருகே கொள்ளிடம் கடலைச் சேரும் இடத்தில் ஓதம் ஏறி நின்றால் ஆற்றுநீர் வடிய வழியின்றித் தேங்கும். வெள்ளுவாவிலும் காருவாவிலும் அவ்வோதம் மிகும். இச்சொற்கள் அகரமுதலிகளில் உறங்க, வெள்ள அறிவிப்பில் ஓதம் எத்தனை மணிக்கு ஏறும் என்ற ஒரு வரியும் இருப்பதில்லை.

தொடர்வண்டித்துறை தன் பாலத் தூண்களில் இடரளவைக் கோடாகத் தீட்டி வைக்கின்றது. மழைக்காலத்தில் நொய்ந்த பாலங்களுக்குக் காவலும் வைக்கின்றது. தண்டவாளத்திற்குக் கிடைத்த அக்கோடு ஊருக்கு ஏன் கூடாது? கொள்ளிட வடகரையில் ஊருக்கொரு கல் நட்டு, இக்கோட்டை எட்டினால் வயல், இதனை எட்டினால் தெரு, இதனைத் தாண்டினால் வீடு எனத் தமிழில் வெட்டி, ஆண்டுதோறும் ஆற்றின் ஆழத்தை மீண்டும் அளந்து கோடுகளைத் திருத்த வேண்டும். பச்சைமலை அடிவாரத்தில் மழையளந்து, இரவாயினும் கீழூர்களுக்கும் தொடர்வண்டி நிலையத்திற்கும் ஒருசேரச் சொல்லும் பொறுப்பு, பெயர் குறித்து ஒருவரிடம் ஒப்படைக்கப்பட வேண்டும். ஐப்பசி பிறக்குமுன் இது தொடங்கட்டும். முதற்கல் மருதையாற்றுப் பாலத்தருகே நிற்கட்டும்.